மாதேஷ் மலையுச்சியில் போட்ட ஜீரோ

எங்கள் பட்டறை மாதேஷைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய சட்டைப் பையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் பேனா வைக்கிற பையில் அவர் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருப்பார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அடியிலும் பக்கத்திலும் காந்தம், முகத்தில் எண் ஓடுகிற கண்ணாடி. எதன்மேல் வைத்தாலும் அது எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று காட்டிவிடும். டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் என்று அட்டையில் போட்டிருந்தது. மாதேஷுக்கு அது 'பொட்டி'. "பொட்டி என்ன சொல்லுதுன்னா..." என்று அவர் ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வந்துவிடும்.

நான் தனபால். அவர் பட்டறையில் பதினோரு வருஷமாகப் பாலிஷ் போடுகிறேன். தச்சர்கள் விட்டுவைக்கிற சந்து பொந்தையெல்லாம் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தபிறகு, "ஆகா, மாதேஷ் கை மாதிரி வருமா?" என்று ஊரார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் என் பிழைப்பு. அவரைக் கிண்டல் செய்ய என்னைவிட உரிமையுள்ளவன் இந்த மலையில் இல்லை.

மாதேஷின் தாத்தா ராசிபுரம் பக்கத்திலிருந்து காப்பி எஸ்டேட் வேலைக்கு ஏற்காட்டு மலையேறி வந்தவர். மாதேஷ் எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்து, மிளகு பறிக்கிற ஏணி செய்து கையைப் பழக்கி, நாற்பது வயதில் ஒண்டிக்கடை முக்கிலிருந்து கீழே இறங்குகிற சரிவில் சொந்தப் பட்டறை போட்டார். உழைப்பாளி, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு புது மெஷின் வாங்கிவிட்டால் போதும், அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்கிற நடை வந்துவிடும். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் வாங்கிய மாதம் பட்டறைக்கு மரம் கொண்டுவந்த லாரி டிரைவர்களைக்கூட விடவில்லை. கையை நீட்டச் சொல்லிப் பட்டையைக் கட்டி, "உப்பக் கொறை கண்ணு" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் கூரியரில் இந்தப் பொட்டி வந்தது. கூடவே ஒரு காகிதம். அதை அவர் மனைவி சசிரேகா போனில் மொழிபெயர்த்துப் படித்துச் சொன்னாள். முதலில் பெட்டியை அறுக்கிற மெஷினின் மேசைமேல் வைத்து ஜீரோ பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் வட்டவாள் பிளேடோடு ஒட்டவைக்க வேண்டும். அப்போது மேசைமேல் செங்குத்தாக நிற்பதிலிருந்து பிளேடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று காட்டும். ஒவ்வொரு முறையும் இப்படியே செய்ய வேண்டும். அவ்வளவுதான், நாலே வரி.

மாதேஷ் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வெள்ளைக்காரன் ஊரு சமதளம். அவனுக்கு அது சரி. நம்ம பட்டறை தரையே சாய்ஞ்சிருக்குது. தரையோட போல்ட்டு போட்ட மேசையும் சாய்ஞ்சிருக்குது. சாய்ஞ்ச மேசைல ஜீரோ போட்டா அந்த ஜீரோவும் சாய்ஞ்சிராதா?"

"காயிதத்துல அப்படித்தானுங்க போட்டிருக்குது" என்றாள் சசிரேகா.

"காயிதம் எழுதுனவன் ஏற்காட்ட பாத்திருக்கானா?"

அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் எங்களுக்குப் பட்டது. எங்கள் ஊரில் கட்டில் காலுக்கு மரச்சில்லு வைக்காத வீடு கிடையாது. டீக்கடை பெஞ்சில் ஒரு பக்கம் உட்கார்ந்தவர் டீ முடிவதற்குள் மறுபக்கத்துக்காரர் மடியில் இருப்பார். இப்படிப்பட்ட ஊரில் நேராக இருக்கிற இடத்துக்கு எங்கே போவது? மாதேஷ் ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை குளித்து, வேட்டி கட்டி, பொட்டியை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்குப் புறப்பட்டார்.

இங்கே புது வண்டி வாங்கினாலும் புது மெஷின் வாங்கினாலும் சேர்வராயனுக்குக் காட்டிவிட்டுத்தான் ஓட்டுவோம். அது எல்லாரும் செய்வது. மாதேஷ் அதற்கு மேலே போய்விட்டார். பூசை முடிந்து வெளியே வந்து, உச்சியில் கிடக்கிற ஒரு பாறைமேல் பொட்டியை வைத்து, சாமி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, ஜீரோவை அமுக்கினார். மலைக்கே உச்சி, சாமி காலடி, இதைவிட நேரான இடம் உண்டா என்று கேட்டார். பாறை பாட்டுக்குப் பாறையாகக் கிடந்தது. நான் நேராக இருக்கிறேன் என்று அது யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் ஜீரோ பொத்தான்மேல் சந்தனம் குங்குமம் வைத்து, அதன்மேல் செலோ டேப் ஒட்டினார். "இனி எவனும் இந்தப் பொத்தான்ல கைவெக்கக் கூடாது. சாமி முன்னால போட்ட ஜீரோ." அந்தப் பெட்டியும் அடக்கமான பெட்டி, பேட்டரி தீரும்வரை ஒருமுறை போட்ட ஜீரோவை மறக்காதாம். மேசைமேல் வைத்துப் பார்த்தார். ஒன்று புள்ளி எட்டு டிகிரி காட்டியது. "பாத்தியா தனபாலு? நான் சொன்னேனில்ல, மேசை சாய்ஞ்சிருக்குதுன்னு!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம் ஊரில் எது தப்பியது? டீக்கடை மேசை இரண்டு டிகிரி. பஸ் ஸ்டாப் பெஞ்சு மூன்று. ஒரு கல்யாணத்தில் மணமேடைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லி ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டு வந்தார். வீட்டில் தோசைக்கல்லையும் விடவில்லை. "ஒன்னு புள்ளி ஆறு சசி. அதான் எண்ணெய் ஒரு பக்கமா ஓடுது."

"மாவு ஊத்தறது நானு, திங்கறது நீங்க. நடுவுல இது எதுக்கு வருது? காந்தம் சூட்டுல கழண்டு உழுந்தா சட்னியிலதான் தேடோணும்" என்றாள் சசிரேகா. அந்த வீட்டில் மூளை எந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது என்று எனக்கு அன்றே தெரியும்.

இதுவரைக்கும் சிரிப்புதான். ஜீவா விஷயத்தில்தான் சிரிப்பு நின்றது.

ஜீவா பட்டறையில் மரம் அறுக்கிறவன். செம்மநத்தத்துக்காரன், கொஞ்சம் சாமை விளைகிற மேட்டு நிலம் உண்டு, மனைவி வள்ளி, எட்டாவது படிக்கிற ஒரு மகள். பன்னிரண்டு வருஷமாக மாதேஷுக்கு முக்கால்வாசி அறுப்பு அவன்தான், மீதியை மாதேஷ் தானே அறுப்பார். அதிகம் பேசமாட்டான். அவன் அறுத்த இணைப்பில் எனக்கு அடைக்கிற வேலையே இருக்காது. அந்தப் பலகைகள் வருகிற நாளில் மதியத்துக்கு மேல் எனக்கு ஒரு தூக்கம் போடலாம்.

புதிதாகக் கட்டுகிற ஒரு ரிசார்ட்டிலிருந்து பெரிய வேலை வந்தது. வரவேற்பு மண்டபத்துக் காங்கிரீட் தூண்கள் ஆறுக்கும் சில்வர் ஓக் பலகையில் எட்டுமூலை உறை போட வேண்டும். எட்டுப் பலகை நீளவாக்கில் விளிம்போடு விளிம்பு சேர்ந்து தூணைச் சுற்றி மூட வேண்டும். அதற்கு ஒவ்வொரு விளிம்பையும் இருபத்திரண்டரை டிகிரி சாய்த்து அறுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பதினாறு விளிம்பிலும் அந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போய், கடைசிப் பலகை முதல் பலகையைத் தொடாது.

ஜீவா இதற்கு ஒரு வழி வைத்திருந்தான். பிளேடைச் சாய்த்துவிட்டு, கழிவுக் கட்டையில் சாண் நீளத்துக்கு எட்டுத் துண்டு அறுப்பான். வட்டமாகக் கூட்டி டேப் சுற்றுவான். எட்டாவது துண்டு முதல் துண்டோடு சேர்ந்தால் பிளேடு சரி. சேராவிட்டால் மயிரிழை திருப்பி மறுபடியும் எட்டு. அன்று மூன்றாவது தடவையில் கூடிவிட்டது. நான் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எட்டு இணைப்பிலும் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. "ஜம்முனு இருக்குதுடா" என்றுகூடச் சொன்னேன்.

அப்போதுதான் மாதேஷ் பொட்டியோடு வந்தார். சாய்த்து அறுக்கிற வேலை அந்த வருஷத்தில் அதுதான் முதல், அதுவரை பொட்டி பிளேடு பக்கம் போனதில்லை. பிளேடில் ஒட்டவைத்தார். இருபத்து நாலு புள்ளி மூன்று காட்டியது.

"என்னடா இது? இருபத்திரண்டரைக்கு இருபத்தி நாலு வெச்சிருக்கே?"

"கூடுச்சுங்ணா. இதப் பாருங்க" என்று ஜீவா அந்த எட்டுமூலையை நீட்டினான்.

"அது கூடும்டா. டேப்ப இறுக்கிச் சுத்துனா எதுவும் கூடும். பொட்டி என்ன சொல்லுது பாரு."

"பொட்டி என்ன வேணாலும் சொல்லட்டுங்ணா. மரம் கூடுதுல்ல?"

பட்டறை முதலாளியிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மாதேஷின் காது சிவந்தது. பன்னிரண்டு வருஷமாக நீ இப்படிக் கோணையாகத்தான் அறுத்திருக்கிறாய், என் பேரைக் கெடுத்திருக்கிறாய், தனபால் மட்டும் இல்லாவிட்டால் எல்லாம் எப்போதோ வெளியே வந்திருக்கும் என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தனபாலு. இவன் விட்ட சந்த எத்தன அடைச்சிருப்பே?"

ஜீவா என்னைப் பார்த்தான். அவன் விட்ட சந்து என்று நான் அடைத்தது மொத்தமாகப் பார்த்தால் ஒரு கைப்பிடித் தூள் இருக்காது. மாதேஷ் தன் கையால் அறுத்ததற்கு மூட்டை கணக்கில் போயிருக்கும். நான் பாலிஷ் துணியை உதறி, மடித்து, மறுபடியும் உதறினேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயந்திரம் மாதேஷ் ஒண்டிக்கடை டீக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் விஷயத்தைச் சொன்னார். ஜீவா கை கோணை, மெஷினே காட்டிக்கொடுத்துவிட்டது, அதனால் வேலையைவிட்டு நிறுத்திவிட்டேன் என்றார். இந்த மலையில் இருப்பதே நாலைந்து பட்டறை. ஒருவன் கை கோணை என்று டீக்கடையில் பேச்சு விழுந்துவிட்டால் அப்புறம் அவனை எவன் கூப்பிடுவான்? ஜீவா மூன்று பட்டறை ஏறி இறங்கினான். மூன்று இடத்திலும், "பாக்கலாம் கண்ணு" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் சேலத்தில் கதவு செய்கிற ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே மாதேஷ் தானே மெஷின் முன்னால் நின்றார். பொட்டி இருபத்திரண்டரை காட்டுகிறவரை பிளேடைத் திருப்பினார். துண்டு அறுத்துக் கூட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் பொட்டி இல்லாதவனுக்கு என்று சொல்லிவிட்டு, நல்ல சில்வர் ஓக் பலகை நாற்பத்தெட்டையும் இரண்டே நாளில் அறுத்துத் தள்ளினார். அடேயப்பா, என்ன வேகம்! மூன்றாம் நாள் காலையில் முதல் உறையைக் கூட்டினோம். ஏழு பலகை சேர்ந்தது. எட்டாவது பலகைக்கும் முதல் பலகைக்கும் நடுவே என் கை மணிக்கட்டுவரை உள்ளே போய் வந்தது.

மாதேஷ் சந்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தனபாலு, கொஞ்சம் தூளக் கொழச்சு..."

"ஏனுங்ணா, இதுக்குத் தூளா? இன்னொரு மரந்தான் வெக்கோணும்" என்றேன். பதினோரு வருஷத்தில் நான் அவரிடம் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை. அதுவும் என் வேலைக்குச் சிரமம் வந்தபோதுதான் வந்தது, கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உறையும் அப்படியே. மூன்றாவதும். மரம் ஈரம் என்றார், மழைக் காற்று என்றார், யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்றார். பொட்டி தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து ரிசார்ட் கட்டடத்து எஞ்சினியர் சாரா வந்து நின்றாள். சின்ன வயசுப் பெண், ஆனால் வாயைவிடக் கண்ணுக்கு வேலை கொடுக்கிறவள். உறையைச் சுற்றி வந்தாள். பிளேடில் ஒட்டியிருந்த பொட்டியைப் பார்த்தாள்.

"கேஜ் வெச்சுத்தான் கட் பண்ணீங்களா? டேபிள்ல ஜீரோ போட்டீங்களா?"

"டேபிள்லயா?" மாதேஷ் கேலியாகச் சிரித்தார். "சேர்வராயன் கோயில் உச்சியில போட்டதுங்க மேடம். ஒரே ஜீரோ. வருசம் ஒன்னாச்சு."

சாரா பொட்டியை எடுத்து, சந்தனம் குங்குமத்தோடு அந்த டேப்பை நகத்தால் உரித்தாள். மாதேஷ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் மேசைமேல் வைத்து ஜீரோ அமுக்கி, மறுபடியும் பிளேடில் ஒட்டினாள். இருபது புள்ளி ஏழு.

"நீங்க பாறைக்கும் பிளேடுக்கும் ஆங்கிள் பாத்திருக்கீங்க. மரம் பாறைமேலயா போகுது? இந்த டேபிள்மேலதானே போகுது? டேபிள் எப்படிச் சாய்ஞ்சிருந்தா என்ன, பிளேடும் அதோட சேர்ந்துதானே சாய்ஞ்சிருக்கு!" என்றாள். சசிரேகா படித்த நாலு வரியில் இருந்ததும் அதுதான்.

சாராவின் பார்வை பட்டறை மூலையில் தண்ணீர் கேன் வைத்திருந்த இடத்துக்குப் போயிற்று. கேனுக்கு அடியில் ஜீவாவின் எட்டுமூலை கிடந்தது. எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். டேப் எப்போதோ நனைந்து உரிந்திருந்தது. பசை போடாத எட்டுத் துண்டும் அவள் விரலுக்குள் ஒன்றாக நின்றன.

"இது யார் பண்ணது?"

"நம்ம பட்டறையிலதானுங்க" என்றார் மாதேஷ். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பொய் இல்லையே, நம்ம பட்டறையில்தானே செய்தது! இப்படித்தான் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

"அப்ப இந்தக் கைதான் ஆறு தூணையும் பண்ணணும். வேற கை வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வண்டி மேடேறுவதற்குள் மாதேஷ் என்னைச் செம்மநத்தத்துக்கு விரட்டினார். "மனசுல எதையும் வெச்சுக்காம வரச் சொல்லு." யார் மனசில், எதை என்று அவர் சொல்லவில்லை.

அந்தக் குறுகல் ரோட்டில் வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஜீவா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். நாளை வியாழன். வள்ளி என் முகத்தைப் பார்க்காமல் பால் ஊற்றாத வரகாப்பி வைத்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "பன்னெண்டு வருசம் ஊட்டுச் சோத்தத் தின்னு போட்டு வேல செஞ்ச மனுசன், இனி சேலத்துல மெஸ்ஸுல திங்கோணும். நொம்ப நல்லாருக்குது உங்க நாயம்."

நான் நடந்ததைச் சொன்னேன். ஜீவா சிரிக்கக்கூட இல்லை. "எங்க கோணைன்னு சொன்னாரோ அங்கயே வந்து இல்லைன்னு சொல்லச் சொல்லுங்ணா. அதே டீக்கடை. வேற ஒன்னும் வேண்டாம். சொன்னாருன்னா இந்தப் பைய இப்பவே பிரிச்சுப்போடறேன்."

மாதேஷிடம் இதைச் சொன்னபோது எகிறிக் குதிப்பார் என்று நினைத்தேன். "அட, அவ்வளவுதானா!" என்றார். எனக்கே மனசு இளகிவிட்டது. மனுஷன் பரவாயில்லை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை நாலரை மணி. ஜீவா தோளில் பையோடு டீக்கடையில் நின்றான். அன்று கேட்டவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். மாதேஷ் வெள்ளைச் சட்டையில் வந்தார், கையில் அந்த எட்டுமூலைத் துண்டு ஒன்று, சட்டைப் பையில் பொட்டி. டீக்கடை மேசைமேல் பொட்டியை வைத்து ஜீரோ அமுக்கினார். துண்டை மேசையில் கிடத்தி, அதன் விளிம்பில் பொட்டியை வைத்து எல்லாருக்கும் திருப்பிக் காட்டினார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க! பொட்டிய ரிப்பேர் பாத்தாச்சு. இப்ப இருபத்திரண்டரை காட்டுது. ஜீவா கை சரியாத்தான் இருக்குதுன்னு பொட்டி சொல்லிருச்சு!"

இரண்டு பேர் கை தட்டினார்கள். ஒருத்தர், "பொட்டி கெட்டிக்காரப் பொட்டிதான்" என்றார். மாதேஷ் ஜீவாவின் தோளைத் தட்டினார். "போதுமா கண்ணு?"

"பொட்டி சொல்லிருச்சுங்ணா" என்றான் ஜீவா. "நீங்க என்ன சொல்றீங்க?"

மாதேஷ் விழித்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நடிப்பு இல்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "அதான் பொட்டியே சொல்லிருச்சே. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

ஜீவா தலையை ஆட்டிக்கொண்டான். கீழே போகிற பஸ் வந்து நின்றது. அவன் பையைத் தூக்கினான்.

"ஜீவா கை என்னைக்கும் கோணை இல்ல!" என்று கத்திவிட்டேன். டீக்கடை திரும்பிப் பார்த்தது. "அந்த எட்டுமூலைய அன்னைக்கே நான் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். கூடுச்சு. ஒரு பொட்டுச் சந்து இல்ல. பதினோரு வருசமா அவன் வேலையில நான் எதையும் அடைக்கல. அடைச்சதெல்லாம் உங்க வேலையிலதான்!"

நாளைக்கு எனக்கு வேலை இருக்காது என்று தெரிந்தது. அதைப் பற்றிக்கூட அப்போது கவலையில்லை. ஜீவா இப்போது பையைக் கீழே வைத்துவிடுவான் என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினான்.

"அன்னைக்குச் சொல்லியிருக்கலாமுங்ணா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.